நீண்டது பெயரன்று, வழி

சென்ற கிழமை அயல்வீட்டு மாணவியொருத்தி கண்கலங்கி எம்மிடம் வந்தாள். மூன்றாண்டு ஆய்வுக் குறிப்புகளை வேறொரு வட்டிற் பிரதி செய்கையில், பெயர் நீளமென்று கணினி இடைநடுவில் மறுத்ததாம். பெயரைப் பார்த்தோம், சிறியதே. நீண்டிருந்தது வழி. கோப்புறைக்குட் கோப்புறையாகப் பதினான்கு அடுக்கு!

விண்டோஸ் ஒரு கோப்பின் முழு முகவரிக்கு, வட்டின் எழுத்துத் தொடங்கி, ஏறத்தாழ 260 எழுத்துகளையே நெடுங்காலம் எல்லையாக வைத்திருந்தது. 2016இலிருந்து அதனைத் தளர்த்த வழியுண்டு. ஆயினும் பல செயலிகள் பழைய அளவையே அறியும். மூலத்தில் எல்லைக்குள் நின்ற முகவரி, புதிய வட்டில் அவள் சூட்டிய நெடிய தலைப்பாலே எல்லை கடந்தது.

தலைப்பை 'அ' என ஓரெழுத்தாக்கினோம். வெளியடுக்குகளின் பெயர்களையும் சுருக்கினோம். பிரதி தடையின்றி ஓடிற்று. அப்படியும் அடங்காதவற்றுக்கு விண்டோஸிலேயே உள்ள 'ரோபோகொப்பி' என்னும் கட்டளை உதவும்.

எம்மைத் திடுக்கிட வைத்தது வேறு. 'தவிர்' என்பதை அழுத்திவிட்டு மூலத்தை அழிக்கவிருந்தாளாம்! தவிர்க்கப்பட்டவை புதிய வட்டுக்குச் செல்வதேயில்லை, வாசகர்காள். இருபுறத்துக் கோப்புகளின் தொகையும் ஒத்திருக்கக் கண்ட பின்னரே மூலத்தில் அவளைக் கைவைக்க விட்டோம்.