‘கன்ஃபார்ம்’ ஆகட்டும் என்று காத்திருப்பது தப்பா? டிரேடிங்கில் தயக்கம் எங்கே காப்பாற்றும், எங்கே கவிழ்க்கும்?

காலை 9.15 மணி. மெட்ரோ பணிகளால் கோவிலம்பாக்கத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும் கேபில் ஐடி ஊழியர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நேற்றிரவே பார்த்துவைத்த பங்கு, அவர் எதிர்பார்த்த 500 ரூபாயில் நிற்கிறது. ஆனாலும் விரல் நகரவில்லை. ‘இன்னும் ஒரு கேண்டில் கன்ஃபார்ம் ஆகட்டும்’ என்கிறது மனசு. அதற்குள் விலை ஏறிவிடுகிறது. ‘அய்யோ, விட்டுட்டோமே’ என்று பதறி, 512-க்கு வாங்குகிறார்.

இந்தத் தயக்கத்தை ஒரு நோய் மாதிரி சொல்லி, அதைப் போக்கக் கட்டண வகுப்பு நடத்துபவர்கள் நிறையப் பேர். புள்ளிவிவரம் வேறு கதை சொல்கிறது.

பங்குகளை அன்றன்றே வாங்கி விற்கும் இன்ட்ராடே வர்த்தகம் குறித்து ‘செபி’ 2024 ஜூலையில் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2022-23 நிதியாண்டில் இதில் இறங்கிய தனிநபர்களில் 71 சதவீதம் பேருக்கு நஷ்டம். 30 வயதுக்கு உட்பட்டவர்களில் 76 சதவீதம். வருடத்துக்கு 500 முறைக்கு மேல் டிரேடு செய்தவர்களில் 80 சதவீதம்! எஃப் அண்ட் ஓ பக்கம் நிலைமை இன்னும் மோசம். 2024-25-ல் 91 சதவீதம் பேர் இழந்தார்கள். மொத்த நஷ்டம் சுமார் 1.05 லட்சம் கோடி ரூபாய். ஆக, வாங்கும் முன் விரல் தயங்கினால் அதில் பெரிய தப்பில்லை. பல நாள் அது காசைக் காப்பாற்றுகிறது.

கவிழ்ப்பது விற்கும்போது வரும் தயக்கம். 512-க்கு வாங்கியது 490-க்கு இறங்கினால், ‘திரும்ப வந்துடும், அசல் வந்ததும் வித்துடலாம்’ என்று பிடித்து வைக்கிறோம். 520-க்கு ஏறினாலோ உடனே விற்றுவிடுகிறோம். அமெரிக்க நிதியியல் பேராசிரியர் டெரன்ஸ் ஓடீன், 10,000 வர்த்தகக் கணக்குகளை ஆராய்ந்து 1998-ல் இதைத்தான் காட்டினார்: லாபத்தில் உள்ள பங்கை மக்கள் சீக்கிரம் விற்கிறார்கள், நஷ்டத்தில் உள்ளதைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். விற்காதவரை அது நஷ்டமே இல்லை என்று மனசு நம்புகிறது.

நிச்சயம் வேண்டும் என்ற இந்தத் தவிப்புதான் ‘ஷூர் ஷாட் கால்’ கொடுக்கும் டெலிகிராம் குழுக்களுக்கு முதலீடு. ஒரு பழைய தந்திரத்தைப் பாருங்கள். 1,000 பேரில் பாதிப் பேருக்கு ‘நாளை ஏறும்’ என்றும், மீதிப் பேருக்கு ‘இறங்கும்’ என்றும் மெசேஜ் போகிறது. சரியாக வந்த 500 பேரை மறுநாள் மறுபடி இரண்டாகப் பிரிக்கிறார்கள். மூன்றாம் நாள் முடிவில் 125 பேருக்கு அந்த ஆள் தெய்வம். நான்காம் நாள் அவர்களிடம் கட்டணம் கேட்டால் கொடுக்க மாட்டார்களா என்ன? சந்தையில் நிச்சய லாபம் என்று உறுதி தருவதே செபி விதிகளுக்கு எதிரானது.

விலை எங்கே போகும் என்பது யாருக்கும் தெரியாது. எவ்வளவு இழக்கலாம் என்பதை மட்டும் முன்கூட்டியே முடிவு செய்யலாம். கையில் 2 லட்சம் ரூபாய். ஒரு டிரேடில் அதில் 1 சதவீதம், அதாவது 2,000 ரூபாய் போனால் தாங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 500 ரூபாய் பங்குக்கு 480-ல் ஸ்டாப் லாஸ் என்றால், ஒரு பங்குக்கு நஷ்டம் 20 ரூபாய். 2,000-ஐ 20-ஆல் வகுத்தால் 100 பங்கு. அதற்கு மேல் வாங்க வேண்டாம். தொகை தாங்கக்கூடியதாக இருந்தால் விரல் நடுக்கமும் தானாகக் குறையும். கேபிலிருந்து பதற்றத்தோடு முடிவெடுக்காமல், முந்தைய இரவே கணக்குப் போட்டு எழுதிவைப்பது நல்லது.

இதிலும் ஓட்டை உண்டு. ராத்திரி ஏதாவது கெட்ட செய்தி வந்து, மறுநாள் பங்கு 465-ல் திறந்தால், 480-ல் போட்டுவைத்த ஸ்டாப் லாஸ் அந்த விலையில் நடக்காது. நஷ்டம் 2,000-க்குப் பதில் 3,500 ஆகும். பங்கை இரவு தாண்டி வைத்திருப்பவர்கள் அதையும் கணக்கில் சேர்த்து, எண்ணிக்கையை இன்னும் குறைத்துத்தான் வாங்க வேண்டும்.