எண்ணிக்கையா? எண்ணமா?

வேலை என்றால் முகம் சுளிப்பதும், விளையாட்டு என்றால் துள்ளிக் குதிப்பதும் மாணவ உலகின் இயல்பு. அப்படியானால் வேலையையே விளையாட்டாக்கிவிட்டால் என்ன? அது இனிக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் இனிப்பதெல்லாம் பயனுள்ளதாகிவிடுமா? சென்ற புரட்டாசியில் வள்ளியூருக்கு அருகே ஒரு குளத்தங்கரையில் நாங்கள் பெற்ற அனுபவம் எங்களை இவ்வாறு சிந்திக்க வைத்தது.

பனை நம் மாநில மரம். அதன் வேர்கள் கரை மண்ணை இறுகப் பிடித்துக்கொள்ளும். ஆதலால் மழைக்கு முன்னே குளத்தங்கரையில் பனை விதை நட எங்கள் ஆசிரியை பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்களை அழைத்துச் சென்றார்கள். நான்கு அணிகளாகப் பிரிந்தோம். ஒரு மணி நேரத்தில் அதிக விதைகளை நடும் அணிக்கே வெற்றி என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். விசில் ஊதியதுதான் தாமதம்! ஒருத்தி மண்வெட்டியால் கொத்த, ஒருத்தி பனங்கொட்டையைப் போட, மற்றொருத்தி காலாலேயே மண்ணைத் தள்ளி மூட, ஒரே கூச்சலும் சிரிப்பும்தான். எங்கள் அணி 143 விதைகள் நட்டு முதலிடம் பெற்றது. கடைசி அணி நட்டதோ 61 மட்டுமே.

கடலைமிட்டாயைச் சுவைத்துக்கொண்டிருந்த எங்களிடம், கடைசி அணியைச் சேர்ந்த தோழி ஒருத்தி மெல்லச் சொன்னாள்: "எங்க அப்பா பாத்தாவன்னா சிரிப்பாவ. ஆடு மிதிச்சாலே கொட்டை வெளிய வந்துரும்லா!"

ஓர் அடி ஆழத்தில் நட வேண்டும், மரத்துக்கு மரம் பத்தடியாவது இடைவெளி வேண்டும், முளை முதலில் மண்ணுக்குள் கீழ்நோக்கியே செல்லும், இலை தலைகாட்டப் பல மாதங்கள் ஆகும் என்றெல்லாம் அவள் விளக்கினாள். இவளுக்கு இவ்வளவும் எப்படித் தெரியும் என்று வியந்தோம். தன் தந்தை பனை ஏறுபவர் என்பதை அன்றுதான் அவள் எங்களிடம் சொன்னாள். இத்தனை ஆண்டுகளாக "விவசாயம்" என்றே சொல்லி வந்தாள். அவளைக் குறை கூற எங்களுக்கு உரிமையில்லை. எங்கள் வகுப்பில் "பனையேறி" என்பது கேலிச்சொல்லாக வழங்கியதுண்டு.

அடுத்த சனிக்கிழமை நாங்கள் மீண்டும் சென்றோம். விசிலும் இல்லை, பரிசும் இல்லை. மேலாகக் கிடந்த விதைகளைத் தோண்டியெடுத்து முறையாக நட்டோம். 143 விதைகளில் எங்கள் பகுதிக் கரையில் இடம் பெற்றவை 40 மட்டுமே. மீதியை வேறு கரைக்குக் கொண்டு சென்றோம். தோழியின் தந்தையும் வந்து உதவினார்கள். "மாமா, இது எப்போ பதனி தரும்?" என்று கேட்டோம். பன்னிரண்டு முதல் இருபது ஆண்டுகள் ஆகும் என்றார்கள். பிறகு சிரித்துக்கொண்டே, "அப்ப யாரு ஏறுவா? என் பிள்ள ஏற வேண்டாம்னுதான் நான் ஏறிப் படிக்க வைக்கேன்" என்றார்கள். எங்களால் பதில் பேச முடியவில்லை.

தோழியரே! விளையாட்டை நாங்கள் பழிக்கவில்லை. போட்டி என்று சொல்லியிராவிட்டால் எங்களில் பாதிப்பேர் அன்று உற்சாகமாகக் கிளம்பியிருக்கவே மாட்டோம். ஆனால் விளையாட்டு, எண்ணக்கூடியதை மட்டுமே எண்ணும். 2021-ஆம் ஆண்டு வேளாண்மை நிதிநிலை அறிக்கையில், 30 மாவட்டங்களில் 76 லட்சம் பனை விதைகள் வழங்கப்படும் என்று தமிழக அரசு அறிவித்தது. நல்ல அறிவிப்பே. எனினும் எத்தனை நட்டோம் என்பதோடு, எத்தனை மரமாயின என்றும் கேட்க வேண்டுமன்றோ? இது யாருக்காக என்ற எண்ணம் வந்த பிறகுதான் எங்கள் வேலை வேலையாயிற்று.

பொருளுள்ள தொழிலுக்கு மனநிறைவே போதிய கூலி என்று சிலர் கூறுவர். அதை நாங்கள் ஏற்கமாட்டோம். பருவ காலத்தில் பனை ஏறுபவர் பாளை சீவ ஒவ்வொரு மரத்திலும் காலையும் மாலையும் ஏறி இறங்க வேண்டும். தவறினால் உயிருக்கே ஆபத்து. இறக்கிய பதனீரை அவர் மனைவி விடிலியில் புகைக்கு நடுவே நின்று காய்ச்சி, பதம் பார்த்துச் சிரட்டையில் ஊற்றினால்தான் கருப்பட்டி. இவர்கள் இருவரும் அல்லவா உண்மையான அணி! நாமோ சீனி கலந்த கருப்பட்டியை விலை மலிவு என்று வாங்கிவிட்டு, நல்ல கருப்பட்டிக்குப் பேரம் பேசுகிறோம். பிறகு பனை அழிகிறதே என்று கட்டுரையும் எழுதுகிறோம்!

எங்களுக்கு இப்போது வயது 15. அந்தக் கரையில் பனை பாளை விடும்போது நாங்கள் முப்பதைத் தொட்டிருப்போம். அன்று அதில் ஏறுபவர் அச்சமின்றி ஏறவும், தகுந்த கூலி பெறவும், அவர் மகள் வகுப்பில் தன் தந்தையின் தொழிலைத் தலைநிமிர்ந்து சொல்லவும் வேண்டும். அதற்கு முதற்படியாக, நல்ல கருப்பட்டியைக் கேட்டு வாங்கி உரிய விலை கொடுக்கும்படி வீட்டில் சொல்வோம். "பனையேறி" என்பதைக் கேலியாகச் சொல்வதை இன்றே விட்டுவிடுவோம்!

— பத்தாம் வகுப்பு மாணவியர் சார்பில், ஒரு மாணவி