கூடைப்பந்துக்கு நெட்டையன்தான் வேணுமா? அளவுநாடாவைச் சுருட்டி வையுங்கள்!

திருவேங்கடத்தில் பள்ளிப் படிப்பை முடித்த பையன், சங்கரன்கோவிலுக்கோ கோவில்பட்டிக்கோ பாளையங்கோட்டைக்கோ பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போகிறான். கூடைப்பந்து ஆட ஆசைப்படுகிறான். அவன் காதில் முதலில் விழும் கேள்வி என்ன தெரியுமா?

"தம்பி, உயரம் எவ்வளவு?"

ஐந்தரை அடி என்றால் தீர்ந்தது கதை! "கபடிப் பக்கம் போ" என்று பேச்சை முடித்துவிடுவார்கள்.

பந்தை அவன் கையில் கொடுத்துப் பார்ப்பதில்லை. பத்துத் தடவை எறியச் சொல்வதில்லை. தலை எங்கே முடிகிறது என்று பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள்.

இந்தத் தீர்ப்பு ஐம்பது வருஷம் பழசு. அதற்குள் ஆட்டமே மாறிப்போச்சு! எப்படி மாறியது என்று பார்த்தால், நம்ம ஊர்ப் பையன்களுக்கு நடக்கிற அநியாயம் புரியும்.

பழக்கூடையில் பிறந்த ஆட்டம்

கூடைப்பந்து பிறந்ததே ஒரு கல்லூரியில்தான். ஆண்டு 1891, மாதம் டிசம்பர். அமெரிக்காவில் ஸ்பிரிங்பீல்டு நகரம். அங்கே ஒய்.எம்.சி.ஏ. நடத்திய பயிற்சிக் கல்லூரியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற வாத்தியார் இருந்தார். வெளியே கடுங்குளிர். உள்ளே அடைந்து கிடந்த 18 மாணவர்களுக்கு ஏதாவது விளையாட்டு வேண்டும்.

பீச் பழக்கூடை இரண்டை எடுத்து, 10 அடி உயரத்தில் ஆணியடித்து மாட்டினார். பக்கத்துக்கு 9 பேர். விதிகள் 13. ஆட்டம் ரெடி!

கூடைக்கு அடிப்பக்கம் திறப்பு கிடையாது. பந்து உள்ளே விழுந்தால் ஏணி வைத்து ஏறி எடுக்க வேண்டும்!

அந்த 10 அடி உயரம் மட்டும் இன்றைக்கும் மாறவில்லை. மற்றதெல்லாம் மாறிவிட்டது.

இந்த ஆட்டம் தமிழ்நாட்டில் வேர் பிடிக்கவும் ஒய்.எம்.சி.ஏ. பெரிய காரணம். ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920-ல் சென்னையில் உடற்கல்விக் கல்லூரி தொடங்கினார். அங்கே படித்து வந்த டிரில் மாஸ்டர்கள்தான் ஊர் ஊராகப் பந்தைக் கொண்டு போனார்கள்.

குதித்தவன் ராஜா!

ஆரம்ப காலத்தில் ஒரு விதி இருந்தது. ஒவ்வொரு கூடை விழுந்ததும் நடுவிலே பந்தை மேலே எறிவார்கள். இரண்டு பேர் குதிப்பார்கள். எவன் உயரமோ அவன் பக்கம் பந்து. கூடை போட்ட அணிக்கே மறுபடியும் பந்து போகும்! அமெரிக்கக் கல்லூரிகளில் 1937-ல்தான் இந்த விதியை எடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் ஆட்டத்தில் ஓட்டம் வந்தது.

பந்தை எறிகிற விதமும் அப்போது வேறு. இரண்டு காலையும் தரையில் ஊன்றி, இரண்டு கையாலும் எறிவார்கள். 1936 டிசம்பரில் ஸ்டான்போர்டு மாணவர் ஹாங்க் லூசெட்டி நியூயார்க்கில் ஒற்றைக் கையால் எறிந்து காட்டினார். தொடர்ந்து 43 ஆட்டம் ஜெயித்திருந்த லாங் ஐலண்டு கல்லூரி அன்றைக்கு மண்ணைக் கவ்வியது. அதற்குப் பிறகு இரண்டு கை எறிதல் மெல்ல மெல்ல மறைந்தது.

ஆனாலும் நெட்டையன் ராஜ்யம் ஓயவில்லை. கூடையை நோக்கி இறங்கும் பந்தை வளையத்துக்கு மேலேயே தட்டிவிட ஆரம்பித்தார்கள். 1944-ல் அதற்குத் தடை! அடுத்து 1960-களில் ஏழடிக்கு மேல் வளர்ந்த லூ அல்சிண்டர் வந்தார். பிற்காலத்தில் கரீம் அப்துல் ஜப்பார் என்று உலகம் அறிந்தவர் இவர்தான். இவர் ஆடிய 3 ஆண்டும், அதாவது 1967, 68, 69-ல், லாஸ் ஏஞ்சல்ஸ் யு.சி.எல்.ஏ. அணிக்கே சாம்பியன் பட்டம்.

வளையத்துக்குள் பந்தைக் கையாலேயே திணிப்பதற்கு 1967-ல் தடை போட்டார்கள். 1976-ல்தான் தடை நீங்கியது. விதி போடுகிறவர்களே பயந்து போன காலம் அது!

"உயரம் எவ்வளவு?" என்ற கேள்வி அந்தக் காலத்துச் சரக்கு. அப்போது அது நியாயமான கேள்விதான்.

பந்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்

அப்புறம் இன்னொரு கூத்து. முன்னிலையில் இருக்கும் அணி பந்தை எறியவே எறியாது. தங்களுக்குள்ளேயே கைமாற்றிக்கொண்டு நேரத்தைக் கடத்தும். கேட்பார் கிடையாது!

1982-ல் வட கரோலினாவும் வர்ஜீனியாவும் மோதிய வட்டாரப் போட்டி இறுதி ஆட்டம் இப்படித்தான் நடந்தது. ஒரு பக்கம் முதலாண்டு மாணவர் மைக்கேல் ஜோர்டான். இன்னொரு பக்கம் 7 அடி 4 அங்குல ரால்ப் சாம்சன். முடிவு வெறும் 47-45. டி.வி. முன்னால் உட்கார்ந்தவர்கள் நொந்து போனார்கள்.

அதற்கு வைத்தியம் கடிகாரம். 1985-ல் எல்லாக் கல்லூரிகளுக்கும் 45 விநாடி கெடு வைத்தார்கள். அதற்குள் பந்தை எறிந்தாக வேண்டும். 1993-ல் அது 35 விநாடி. 2015-ல் 30 விநாடி.

நம் நாட்டுக் கல்லூரிகள் ஆடுவது சர்வதேச விதிப்படி. அதில் 1956-லேயே 30 விநாடிக் கெடு வந்துவிட்டது. 2000-ல் அதையும் 24 விநாடியாகக் குறைத்தார்கள். ஆக, மசமசவென்று நிற்கிறவனுக்கு இடமில்லை. ஓடுகிறவனுக்குத்தான் மவுசு.

ஒரு கோடு செய்த புரட்சி

எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது தரையில் வரைந்த ஒரு கோடு. அதற்கு வெளியே நின்று கூடை போட்டால் 2 புள்ளிக்குப் பதில் 3 புள்ளி. சர்வதேச விதியில் 1984-லும், அமெரிக்கக் கல்லூரிகள் எல்லாவற்றிலும் 1986-லும் இது வந்தது. சர்வதேசக் கோடு முதலில் 6.25 மீட்டர் தூரம். 2010-ல் அது 6.75 மீட்டர் ஆனது.

கடைக்காரர்களுக்கு இந்தக் கணக்கு சட்டென்று விளங்கும். ஒருவன் பக்கத்தில் நின்று 100 தடவை எறிந்து 50 போடுகிறான். அவனுக்கு 100 புள்ளி. இன்னொருவன் கோட்டுக்கு வெளியே நின்று 100 எறிந்து 34 மட்டும் போடுகிறான். அவனுக்கு 102 புள்ளி! குறைவாகப் போட்டும் லாபம் அவனுக்குத்தான்.

இந்தக் கணக்கு முதலில் பயிற்சியாளர்களுக்கே பிடிபடவில்லை. பிடிபட்டதும் கூடைக்கு அடியில் நடந்த தள்ளுமுள்ளு வெளியே நகர்ந்துவிட்டது. இன்றைக்கு நெட்டையனும் வெளியே வந்து குறி பார்க்கிறான். கூடைக்கு அடியிலேயே நங்கூரம் போட்டு நின்ற பழைய ஆட்டம் ஏறக்குறைய போயே போச்சு.

சாட்சி வேண்டுமா? டேவிட்சன் என்ற சின்னக் கல்லூரி. அங்கே ஸ்டீபன் கரி என்ற ஒல்லிப் பையன். பெரிய கல்லூரிகள் அவரைச் சீந்தவில்லை. இன்றைக்கு அவர் உயரம் 6 அடி 2 அங்குலம். நமக்கு அது நெட்டை. அங்கே அது குட்டை! 2007-08 பருவத்தில் அவர் போட்ட மூன்று புள்ளிக் கூடைகள் மட்டும் 162. அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில் ஒரே பருவத்தில் அதுவரை யாரும் அத்தனை போட்டதில்லை. அந்தச் சின்னக் கல்லூரி கடைசி எட்டு அணிகளில் ஒன்றாக வந்தது. இரண்டே புள்ளியில் கன்சாஸ் அணியிடம் தோற்றது. அந்தக் கன்சாஸ்தான் அந்த ஆண்டு சாம்பியன்!

இன்னும் குட்டையானவர் வேண்டுமா? மக்ஸி போக்ஸ். உயரம் 5 அடி 3 அங்குலம். நம்ம பஜாரில் நடந்தால் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வேக் பாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் 1983 முதல் 87 வரை ஆடினார். அப்புறம் அமெரிக்கத் தொழில்முறைப் போட்டியில் 14 பருவம் ஆடினார். நெட்டையர்கள் கையிலிருந்த பந்தைக் கீழேயிருந்து தட்டிப் பறிப்பதுதான் இவர் வித்தை.

கரிசல் மண்ணின் கஷ்டம்

அப்படியானால் உயரத்தால் பிரயோசனம் இல்லையா? இருக்கிறது. யாரும் மறுக்கவில்லை. 6 அடி 6 அங்குலப் பையன் நன்றாக எறியவும் செய்தால் அவனை அடிக்க ஆளில்லை. ஆனால் உயரம் மட்டும் இருந்து கையில் குறி இல்லாதவனை இன்றைய ஆட்டம் பெஞ்சியில்தான் உட்கார வைக்கும்.

குறி எப்படி வரும்? நாள் தவறாமல் நூறு, இருநூறு தடவை எறிந்தால் வரும். அதற்கு வளையம் வேண்டும், சமதளத் தரை வேண்டும். இங்கேதான் நம்ம ஊருக்குத் தனிக் கஷ்டம். திருவேங்கடம் கரிசல் பூமி. மழைக்கு மண் காலைப் பிடிக்கும். கோடைக்குப் பாளம் பாளமாக வெடிக்கும். பருத்திக்கு நல்ல மண். கபடிக்குப் பாதகமில்லை. ஆனால் கூடைப்பந்து அதில் எழும்பாது. சிமெண்டுத் தரை போடாமல் ஒரு பையனும் பந்தைத் தட்டிப் பழக முடியாது.

முழு ஆடுகளம் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். அதில் பாதி போதும். ஒரு கம்பம், ஒரு பலகை, 10 அடியில் ஒரு வளையம், 6.75 மீட்டரில் ஒரு கோடு, ராத்திரிக்கு ஒரு விளக்கு. பேரூராட்சியும் பள்ளி நிர்வாகமும் மனது வைத்தால் இது மலையைப் புரட்டுகிற வேலையா?

பக்கத்துக் கோவில்பட்டியைப் பாருங்கள்! அதுவும் கரிசல் ஊர்தான். ஆக்கி ஆட்டம் செயற்கைத் தரைக்கு மாறியது. அவர்களும் செயற்கைத் தரை மைதானம் வாங்கினார்கள். அந்த ஊர் மாரீஸ்வரன் சக்திவேல் 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கே ஆடினார். ஆட்டம் மாறும்போது ஊரும் மாற வேண்டும்.

சோறு போடும் ஆட்டம்

இது வெறும் பொழுதுபோக்குச் சமாச்சாரம் இல்லை. தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடஒதுக்கீடு உண்டு. பொறியியல் சேர்க்கையிலும் தனி இடம் உண்டு. சென்னை அனிதா பால்துரைக்குக் கூடைப்பந்துதான் ரயில்வே வேலை கொடுத்தது. இந்திய மகளிர் அணிக்குக் கேப்டனானார். 2021-ல் பத்மஸ்ரீயும் வந்தது.

தீப்பெட்டி ஆபீசில் கூலிக்குப் போகும் வீட்டுப் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய கதவு! அந்தக் கதவை "நீ குட்டை" என்று சொல்லி மூடினால் நஷ்டம் யாருக்கு?

கல்லூரிகள் ஒரு வேலை செய்யட்டும். அடுத்த தேர்வின்போது அளவுநாடாவைச் சுருட்டிப் பெட்டியில் வைக்கட்டும். வந்த பையன் ஒவ்வொருவனுக்கும் கோட்டுக்கு வெளியே 20 பந்து கொடுக்கட்டும். எத்தனை விழுகிறது என்று எண்ணட்டும். அப்புறம் சொல்லட்டும் தீர்ப்பு!