கூட்டு வாணிபமும் ஊரிலுள்ள வீடும்

செம்பூரில் சிற்றுண்டிச் சாலை தொடங்க எண்ணிய அன்பர் இருவர் சென்ற வாரம் நம்மிடம் யோசனை கேட்க வந்திருந்தனர். ஒருவர் முதல் போடுபவர். மற்றவர் அடுப்படியில் நின்று உழைப்பவர். "நாங்கள் உடன்பிறந்தார் போன்றவர்கள், எங்களுக்குள் பத்திரம் எதற்கு?" என்றார் உழைப்பவர். அவருக்கே பத்திரம் மிகவும் தேவை என்றோம். 1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டப்படி, உடன்படிக்கை செய்து கொள்ளாதவரை, உழைக்கும் கூட்டாளி சம்பளம் கோர இயலாது. இலாபமும் நட்டமும் சரிபாதி. நிறுவனத்தைப் பதிவு செய்வது கட்டாயமன்று. ஆயினும் பதியாத நிறுவனம், பாக்கி வைத்த வாடிக்கைக்காரர்மேல் வழக்குத் தொடர முடியாது. அதன்மேல் பிறர் தொடரலாம்!

இவற்றினும் பெரிது ஒன்றுண்டு. கடையின் கடன் முழுமைக்கும் ஒவ்வொரு கூட்டாளியும் பொறுப்பாவார். ஒருவர் கடைக்காக வாங்கிய கடனுக்கு மற்றவரின் சொந்தச் சொத்தும் ஏலத்திற்கு வரக்கூடும். இது கேட்டு, அதுவரை வாளாவிருந்த முதலாளியின் துணைவியார், "கும்பகோணத்து வீடுமா?" என்று வினவினார். ஆம், அதுவுந்தான்.

2008ஆம் ஆண்டுச் சட்டம் தந்த எல்.எல்.பி. எனும் வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மையில், மோசடி செய்தாலன்றி, நட்டம் போட்ட முதலோடு நிற்கும். ஆனால் வங்கிக் கடனுக்குத் தாமே ஜாமீன் கையெழுத்திட்டவருக்கு அக்கடன் மட்டில் இக்காப்பு இல்லை. வியாபாரமே நடவாத ஆண்டிலும் பதிவாளருக்குக் கணக்கு அனுப்புதல் வேண்டும். தாமதித்தால் கட்டணம் ஏறும். ஆண்டு விற்பனை 40 லட்சமும் முதலீடு 25 லட்சமும் தாண்டாதவரை இச்சட்டப்படி தணிக்கை கட்டாயமன்று. பிரைவேட் லிமிடெட் கம்பெனி, வெளியாரிடம் பங்கு முதல் திரட்டுவோர்க்கே ஏற்றது. இட்டலிக் கடைக்கு அது மிகை என்பது நம் கருத்து.

இருவரும் எல்.எல்.பி.க்கு இசைந்தனர். அதிலும் சம்பளத்தை உடன்படிக்கையில் எழுதியாக வேண்டும். எவ்வளவு என்பதில் இன்னும் பேச்சு நடக்கிறது.