நாற்றுக்கு வேண்டியது ஊதா விளக்கா, அளவுகோலா?



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்கு நடுவராகச் சென்றிருந்தேன். ஓரிடத்தில் அட்டைப் பெட்டிக்குள் ஊதா நிற விளக்கு ஒளிர, அதன் கீழே தக்காளி நாற்றுகள் திடமாக நின்றன. சூரியன் இல்லாமலே பயிர் வளர்க்கலாம் என்று எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி அழகாக விளக்கினாள். நானும் மகிழ்ந்து முதற்பரிசு கொடுத்துவிட்டேன். புறப்படும் வேளையில் அவள் என்னிடம் வந்து, "சார், இது நர்சரியில் வாங்கின நாற்று. நான் வளர்த்ததெல்லாம் நீளமாகப் போய்ச் சாய்ந்துவிட்டது. பார்க்க நன்றாக இல்லை என்று மாற்றச் சொல்லிவிட்டார்கள்" என்றாள். சாய்ந்த நாற்றுகள் எங்கே என்று கேட்டேன். குப்பைக்குப் போய்விட்டனவாம்.

தவறு அவளுடையதன்று, என்னுடையது. "விளக்கு எத்தனை சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தது?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் உண்மை அப்போதே வெளிவந்திருக்கும். இயற்பியல் கற்பிக்கும் நான் அதைக் கேட்கவில்லை.

நாற்று ஏன் நெடுகிச் சாய்கிறது? ஒளி குறைவான இடத்தில் முளைத்த நாற்று, தான் ஏதோ நிழலில் சிக்கிக்கொண்டதைப் போல நடந்துகொள்கிறது. தண்டைத் தடிப்பாக்குவதை விட்டு, ஒளியை எட்டிப் பிடிக்க நீட்டுகிறது. மெலிந்து வெளிறிய அத்தண்டு, இலையின் பாரம் தாங்காமல் விழுகிறது. ஒளி ஒரு பக்கமாக வந்தால் நாற்று அப்பக்கமே வளையும். சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிசும் 1880ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், புல் முளையின் நுனிதான் ஒளியை உணர்கிறது என்று சோதனைகளால் காட்டினார்கள்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். 9 வாட் எல்.இ.டி. பல்பு சுமார் 900 லூமென் ஒளி தருகிறது. அந்த ஒளி கீழ்நோக்கி அரைக்கோளமாகப் பரவுகிறது என்று கொள்ளுங்கள். 1 மீட்டர் தொலைவில் கிடைப்பது ஏறத்தாழ 140 லக்ஸ். தொலைவு பாதியானால் ஒளிச்செறிவு நான்கு மடங்காகும் என்பது நீங்கள் படித்த எதிர்விகித இருமடி விதி. ஆகவே 30 சென்டிமீட்டரில் சுமார் 1,600 லக்ஸ். 10 சென்டிமீட்டரில் சுமார் 14,000 லக்ஸ். அதே பல்புதான், அதே மின்சாரம்தான். நாற்றுக்குக் கிடைப்பதோ நூறு மடங்கு வேறுபடுகிறது! நம் கண் இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் எளிதில் பழகிக்கொள்வதால் இந்த வேறுபாட்டை அது சரியாக உணர்த்துவதில்லை.

ஊதா நிறத்தின் கதை என்ன? பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் மிகுதியாக உறிஞ்சுகிறது என்பது உண்மை. அதனால் பச்சை ஒளி பயனற்றது என்பது சரியன்று. மெக்ரீ என்ற அறிஞர் 1972இல் 22 வகைப் பயிர்களின் இலைகளை ஆராய்ந்தபோது, 400 முதல் 700 நானோமீட்டர் வரை எல்லா நிறங்களும் ஒளிச்சேர்க்கைக்கு உதவுவது தெரிந்தது. சாதாரண வெள்ளை எல்.இ.டி. விளக்கில் இவை பெரும்பாலும் அடங்கியுள்ளன. ஊதா விளக்கின் கீழும் நாற்று வளரும். ஆனால் இலை மஞ்சளிப்பதையோ புள்ளி விழுவதையோ அந்த ஒளியில் நம் கண்ணால் காண்பது கடினம். மாணவர்கள் அதற்காகக் கூடுதல் பணம் செலவழிப்பதை நான் விரும்பவில்லை.

விளக்கின் கீழ் நாற்று வளர்ப்பவர்கள் கவனிக்க வேண்டியவை சிலவே. விளக்கை நாற்றின் நுனியிலிருந்து 10 முதல் 15 சென்டிமீட்டரில் வைத்து, நாற்று வளர வளர உயர்த்துங்கள். இலை மட்டத்தில் புறங்கையை வைத்துப் பாருங்கள். சூடு தாளவில்லையென்றால் நாற்றுக்கும் தாளாது. நாள்தோறும் 14 முதல் 16 மணி நேரம் ஒளி போதும், மீதி இருள் வேண்டும். தக்காளியை 24 மணி நேரமும் ஒளியில் வைத்தால் இலைகள் வெளிறிப் பாழாகும். மண் சொதசொதவென்று இருந்தால் பூஞ்சை போன்ற நுண்ணுயிரிகளால் நாற்றழுகல் வந்து, தண்டு அடியில் இற்று நாற்று விழும்; அது ஒளிக்குறைவால் வந்த சாய்வு அன்று. மெல்லிய காற்று மண்ணின் மேற்பரப்பை உலர்த்தும், தண்டையும் உறுதியாக்கும். நீர் ஊற்றுமுன் மின்சாரத்தை நிறுத்துங்கள்.

உச்சி வெயில் ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ். நம் பல்பு 10 சென்டிமீட்டரில் 16 மணி நேரம் எரிந்து தருவது ஏறக்குறைய இரண்டு மணி நேர உச்சி வெயிலுக்குத்தான் சமம். அதற்கு மாதம் 4 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவாகிறது. மொட்டைமாடியோ வெயில் விழும் ஜன்னலோ உள்ளவர்களுக்கு இந்த விளக்கு தேவையே இல்லை. வெயில் எட்டாத அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களுக்கும், சோதனை செய்ய விரும்புபவர்களுக்கும் அது நல்ல கருவி.

என் கருத்து இதுதான்: கண்காட்சியில் வைக்க வேண்டியது அழகான நாற்று அன்று, உண்மையான நாற்று. மூன்று தட்டுகளில் மிளகாய் விதையுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரே வகைப் பல்பை 10, 30, 100 சென்டிமீட்டர் உயரத்தில் கட்டுங்கள். முளைத்தபின் பத்து நாள்கள் தண்டின் நீளத்தை அளந்து அட்டவணையில் எழுதுங்கள். சாய்ந்தவற்றையும் அப்படியே கொண்டுவந்து வையுங்கள். ஆசிரியர்களும் நடுவர்களும் அவற்றைக் குப்பையில் போடச் சொல்லாமல், ஏன் சாய்ந்தன என்று கேட்கட்டும். அந்த மாணவிக்கு நான் கேட்கத் தவறிய கேள்வியை இப்போது போகும் ஒவ்வொரு கண்காட்சியிலும் கேட்டு வருகிறேன்.