அந்தக் காலத்தில் இல்லாத நோயாம்!

"எங்க காலத்துல இதெல்லாம் ஏது? விடியறதுக்கு முன்னாடி பெரட்டு, மழையோ வெயிலோ பால்மரம். கவலைப்பட எங்க நேரம்? இப்பத்த பிள்ளைங்களுக்குத் தைரியம் பத்தல."

ஜொகூரில் கல்யாண வீடோ கருமாதி வீடோ, பத்துத் தமிழர் கூடும் இடத்தில் யாருக்காவது நெஞ்சு படபடக்கிறது, தூக்கம் வரவில்லை என்று பேச்செடுத்தால் இந்த வசனம் வந்து விழும். சொல்பவர்கள் நல்லவர்கள்தான். சொல்வது பொய். அதிலும் ஆளைக் கெடுக்கிற பொய்.

அந்தக் காலத்தையே எடுத்துக்கொள்வோம். 1943இல் ஜப்பானியர் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களை சயாமுக்கு ரயில்பாதை போடக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் பாதை அந்த அக்டோபரில் முடிந்தது. போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவே இல்லை. லயத்தில் காத்துக் கிடந்த பெண்களுக்கு நெஞ்சு படபடக்கவில்லையா? லாரிச் சத்தம் கேட்டால் அவர்களுக்கு வயிறு கலங்கவில்லையா? அது ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் 1948இல் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம். யோங் பெங், லாபிஸ் பக்கமெல்லாம் ஊரடங்கு, அரிசிக்குக் கட்டுப்பாடு. பால் வெட்டப் போகிறவரின் கட்டுச்சோற்றைக்கூடச் சோதித்துப் பறித்தார்கள். 1960 வரை பன்னிரண்டு வருஷம் அது நீடித்தது. அந்தத் தலைமுறைக்குப் பதற்றமே கிடையாது என்று சொல்வதைப் புகழ்ச்சி என்று நினைக்கிறோம். அவர்கள் பட்டதையெல்லாம் துடைத்துவிடுகிற வேலை அது.

பதற்றம் இருந்தது. டாக்டரிடம் போகவில்லை, அவ்வளவுதான். சம்பள நாளில் சம்சுச் சாராயக் கடைக்குப் போனது. காற்று கருப்பு என்று பூசாரியிடம் போனது, அங்கே சரிப்படாவிட்டால் மலாய் மந்திரவாதியான போமோவிடம். குடித்தவர் எல்லாரும் பயத்தில் குடித்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பழைய தைரியத்தைக் கணக்கெடுப்பவர்கள் போத்தல்களையும் சேர்த்து எண்ணட்டும்.

இந்த வசனத்துக்கு ஒரு தம்பி உண்டு: "இவன தம்போய்க்குத்தான் அனுப்பணும்." தம்போயில் 1930களில் எழுந்த மனநல மருத்துவமனைக்கு இப்போது பெர்மாய் என்று பெயர். பெயர் மாறியும் கேலி மாறவில்லை. அண்ணனும் தம்பியும் சேர்ந்து நம் ஆட்களுக்கு இரண்டே வாசலைத்தான் விட்டுவைத்திருக்கிறார்கள். ஒன்றில் தைரியசாலி, மற்றதில் பைத்தியம். நடுவில் நிற்கிற ஆயிரக்கணக்கானவர்கள் எங்கே போவது?

ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். மாசாயிலிருந்து விடிகாலை நான்கு மணிக்கு மோட்டாரை எடுத்து சிங்கப்பூர் வேலைக்குப் போகிறவர். ஒருநாள் கடற்பாலத்து நெரிசலில், முன்னும் பின்னும் நகர முடியாத நேரத்தில், இதயம் அடித்துக்கொள்கிறது, மூச்சு முட்டுகிறது, விரல்கள் மரத்துப்போகின்றன. செத்துவிடுவோம் என்று தோன்றுகிறது. உண்மையில் நடப்பது இதுதான்: ஆபத்து என்று மூளை தவறாக மணியடித்துவிட்டது. வேகவேகமாக மூச்சு வாங்கியதில் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து விரல் மரத்தது. பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தானே தணியும். ஆனாலும் முதல் தடவை ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். இதயமா, தைராய்டா, ரத்தசோகையா என்று பார்த்தே ஆக வேண்டும்.

பார்த்தாயிற்று, எல்லாம் சரி. வீட்டில் முதலில் "தைரியமா இருடா" என்பார்கள். அடுத்த வாரமும் வந்தால், "போகாத, கொஞ்ச நாள் வீட்ல கிட" என்பார்கள். பாசம்தான், சந்தேகமில்லை. ஆனால் இரண்டாவது சொல் முதலாவதைவிட மோசம். பாலத்துக்குப் போகாத ஒவ்வொரு நாளும், போகாததால்தான் பிழைத்தோம் என்று மூளை படித்துக்கொள்கிறது. அடுத்து மூடிய லிஃப்ட், அதற்கடுத்து கூட்டமான கடை. பயம் இப்படித்தான் வீட்டு வாசல் வரை வந்துவிடும். சிகிச்சை இதற்கு நேரெதிர். பயந்த இடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பப் போகவைத்து, ஓடாமல் நின்றாலும் படபடப்பு இறங்கும் என்று உடம்புக்குக் காட்டுவது. அதற்கு வேண்டிய தைரியம் வசனம் பேசுகிறவர்களுக்குத் தெரியாது.

எல்லாக் கவலையும் நோய் என்கிற இன்னொரு கோடிக்கும் நான் வரமாட்டேன். 2020 மார்ச் 18இல் கோவிட்டால் எல்லை மூடி, குடும்பம் இங்கே, சம்பளம் அங்கே என்று கிடந்தவர்களுக்குக் கவலை வராவிட்டால்தான் அதிசயம். நாலு மணி நேரத் தூக்கத்தில் ஓடுகிற உடம்புக்கு முதலில் தூக்கம்தான் மருந்து. ஆனால் 2022 ஏப்ரலில் எல்லை முழுதாகத் திறந்த பின்னும், காரணம் போன பின்னும், பெரும்பாலான நாள்களில் ஆறு மாதமாக மனம் எதையாவது பிடித்து அரித்துக்கொண்டே இருக்கிறது, வேலை கெடுகிறது என்றால் அது மருத்துவர் பார்க்க வேண்டிய விஷயம். பால்குடம் எடுத்து மனம் லேசானால் எடுக்கட்டும். கோயிலுக்குப் போகிறவர் கிளினிக்குக்கும் போகலாம்.

"அந்த மாத்திரை ஆளை அடிமையாக்கிடும்" என்பது அடுத்த பயமுறுத்தல். உடனே ஆசுவாசம் தருகிற சில மாத்திரைகளை நீண்ட நாள் விழுங்கினால் அப்படி ஆகும், உண்மை. ஆனால் பதற்றத்துக்கு இன்று வழக்கமாகத் தொடங்கும் மருந்துகள் வேறு வகை. அவை வேலை செய்யவே சில வாரம் பிடிக்கும். ஏக்கம் உண்டாக்குவதில்லை. திடுமென நிறுத்தாமல் டாக்டர் சொன்னபடி குறைத்தால் போதும். மாத்திரையே வேண்டாமல், பேச்சு சிகிச்சையாலேயே தேறுகிறவர்களும் உண்டு.

இதற்குத் தம்போய் வரை போக வேண்டியதுகூட இல்லை. அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். சில கேள்விகள் கேட்டுப் பதற்றத்தை அங்கேயே கண்டுபிடிப்பார்கள். வாய் திறந்து பேச ஆள் வேண்டுமென்றால் சுகாதார அமைச்சின் 15555 தொலைபேசிச் சேவை இருக்கிறது. நம் பெரியவர்களுக்கு அந்தக் கிளினிக் நன்றாகப் பழக்கம். பிரஷருக்கும் இனிப்புநீருக்கும் தவறாமல் எண் எடுத்து உட்காருகிறார்கள். எங்க காலத்துல ஏது பிரஷர் என்று அந்த மாத்திரையை யாரும் வீசியதில்லை. பக்கத்து நாற்காலியில் மகன் வந்து உட்கார்ந்தால் மட்டும், தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று அவர்களுக்கு நெஞ்சு படபடக்கிறது.