விரிவுரையாளருக்கு ஸ்டைலிஸ்ட் எதற்கு?

எங்கள் ஆய்வாளர் குழுவில் சென்ற வாரம் ஒரு சிரிப்பு எழுந்தது. துறையின் இணையவழிப் பாடங்களுக்கும் அறிமுகக் காணொளிக்குமான செலவுத் திட்டத்தில் கேமரா, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு ஆகியவற்றோடு ‘ஸ்டைலிஸ்ட், இரண்டு நாள்’ என்றொரு வரியும் இருந்தது. “ஒலியனியல் நடத்துவதற்கு ஆடை அலங்காரம் எதற்கு?” என்று ஒருவர் கேட்டார். எல்லாரும் சிரித்தோம்; நானும் சிரித்தேன். அந்த வரி நீக்கப்பட்டுவிடும் என்றே தெரிகிறது. சிரித்து முடித்த பின், நான் பங்கேற்ற இரண்டு படப்பிடிப்புகள் நினைவுக்கு வந்தன. அந்த வரி இருக்கவேண்டும் என்று இப்போது கருதுகிறேன். ஏன் என்பதையும், எந்த நிபந்தனைகளோடு என்பதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

முதல் படப்பிடிப்பில் ஸ்டைலிஸ்ட் இல்லை. “கண்ணியமான, தொழில்முறையான உடையில் வரவும்” என்று ஒரு மின்னஞ்சல் மட்டும் வந்தது. என் நண்பர் ஒருவர் நெட் அல்லாத உதவித்தொகையில் ஆய்வு செய்பவர்; மாதம் 8,000 ரூபாய். அந்த ஒரு நாளுக்காக 3,200 ரூபாய்க்குக் கோட்டு ஒன்று வாங்கினார். நெருக்கமான மெல்லிய கோடுகள் போட்ட துணி. கேமராவின் முன் அமர்ந்ததும் அந்தக் கோடுகள் அலையலையாக நெளியத் தொடங்கின. துணியின் கோடுகளும் கேமரா உணரியின் படப்புள்ளி வரிசைகளும் ஒன்றோடொன்று மோதும்போது நிகழ்வது இது; படத்தொகுப்பில் எளிதில் சரிசெய்ய முடியாது. கோட்டைக் கழற்றிவிட்டு, வேறொருவரின் சட்டையை வாங்கி அணிந்துகொண்டுதான் அவர் பேசினார்.

அன்று அதோடு முடியவில்லை. பச்சைத் திரையின் முன் பேச வந்த ஆசிரியையின் சேலையும் பச்சை. பின்னணியை நீக்கும்போது சேலையும் மறைந்துவிடும் என்பதால், அவர் வீட்டுக்குப் போய் மாற்றிக்கொண்டு வரவேண்டியதாயிற்று. கஞ்சி போட்ட பருத்திச் சேலை அணிந்திருந்த இன்னொருவர் கையை அசைக்கும்போதெல்லாம் மைக்கில் சரசரப்பு விழுந்தது. வளையல் ஓசை வேறு. இவ்வளவுக்கும் நடுவில், கசங்கிய கதர் ஜிப்பாவில் வந்த மூத்த பேராசிரியரை மட்டும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கசங்கல் அவருக்கு அறிவின் அடையாளமாகவே நின்றது. அதே கசங்கல் என் நண்பரின் சட்டையில் இருந்திருந்தால் அதற்கு வேறு பொருள் கிடைத்திருக்கும்.

ரோலான் பார்த் 1967இல் வெளியிட்ட நூலில், படத்தில் உள்ள ஆடை, எழுத்தில் உள்ள ஆடை, உண்மையான ஆடை என மூன்றைப் பிரித்துக்காட்டினார். எங்களுக்கு வந்த மின்னஞ்சல் எழுத்தில் உள்ள ஆடைக்கு நல்ல சான்று. ‘கண்ணியமான’ என்ற சொல் எந்தத் துணியையும் எந்த நிறத்தையும் குறிக்கவில்லை. அதன் பொருளை நிரப்பும் பொறுப்பு படிப்பவரிடம் விடப்படுகிறது. அந்தப் பொருளைக் குடும்பத்திலேயே கற்றவர் அலமாரியைத் திறந்து ஒன்றை எடுத்துக்கொள்கிறார். முதல் தலைமுறையாகப் பல்கலைக்கழகத்துக்கு வந்தவர் ஊகித்து, கடன் வாங்கி, கடைக்குப் போகிறார். ஆக, ஸ்டைலிஸ்ட் இல்லாத படப்பிடிப்பிலும் ஆடைக்கான செலவு இருக்கத்தான் செய்கிறது. அதைக் கொடுத்தவர் யார் என்பது கணக்கில் வருவதில்லை, அவ்வளவே.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. இத்தகைய நாள்களில் சேலையை மடித்துப் பின் குத்துவதும், அயர்ன் பெட்டி தேடி ஓடுவதும், யாருக்கு எந்த நிறம் பொருந்தும் என்று பார்ப்பதும் யாரோ ஒருவர் செய்யும் வேலைகளே. நான் கண்டவரையில் அவை ஆய்வு மாணவியரிடம் இயல்பாகப் போய்ச் சேர்கின்றன. “உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும்” என்ற ஒரு வாக்கியம் போதும். ஒரு நாள் உழைப்பு இலவசமாகிவிடும். மாணவர்களை யாரும் அழைப்பதில்லை.

ஸ்டைலிஸ்டின் பணி உடையைப் புதிதாக வடிவமைப்பதன்று. அது உடை வடிவமைப்பாளரின் வேலை. இருப்பவற்றிலிருந்து தேர்ந்தெடுப்பது, இல்லாதவற்றை வாடகைக்கு எடுப்பது, பின்னணிக்கும் விளக்குக்கும் பொருந்துமா என்று முன்கூட்டியே பார்ப்பது, மைக்கைப் பொருத்தவும் அதன் பெட்டியைச் செருகவும் ஆடையில் இடம் இருக்கிறதா என்று கவனிப்பது, மூன்று நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு காட்சிகள் ஒரே வகுப்பாகத் தோன்றுவதற்கு அணிந்தவற்றைப் படமெடுத்துக் குறித்துவைப்பது ஆகியவை ஸ்டைலிஸ்டின் பணிகள். கட்டுரைக்குப் பதிப்பாசிரியர் செய்வதற்கு நெருக்கமான வேலை இது. பதிப்பாசிரியரை நாம் ஆடம்பரம் என்று சொல்வதில்லை.

இரண்டாவது படப்பிடிப்பு வேறொரு நிறுவனத்தில் நடந்தது. அங்கே ஸ்டைலிஸ்ட் இருந்தார். என்னோடு பங்கேற்றவர்களுள் ஒருவர் ஆவோ நாகா சமூகத்தைச் சேர்ந்த ஆய்வாளர். கணினிவழி ஒலியியலில் ஆய்வு செய்பவர். அன்றாடம் ஜீன்ஸும் ஸ்வெட்டரும் அணிபவர். எங்கள் எல்லாருக்கும் சாதாரணச் சட்டையும் ஜாக்கெட்டும் கிடைத்தன. அவருக்கு மட்டும் வாடகைக் கடையிலிருந்து ஒரு சால்வை வந்திருந்தது. நடுவே வெள்ளைப் பட்டையும் அதில் விலங்கு உருவங்களும் கொண்ட சுங்கோதெப்சு. மரபுப்படி அது வீரத்தாலோ விருந்தளித்துப் பெற்ற சிறப்பாலோ தகுதியடைந்த ஆண்களுக்கு உரியது. அவர் அதை எடுத்துச் சொன்னார். “கேமராவில் நன்றாகத் தெரியும், நேரமில்லை” என்று ஒருங்கிணைப்பாளர் பதிலளித்தார். அவரும் அணிந்துகொண்டார். காணொளி வெளியான பின், வீட்டாருக்கு அதை விளக்கிச் சொல்லிச் சொல்லி அவர் சலித்துப்போனார். அந்தப் படத்தில் நாங்கள் ஆய்வாளர்களாக இருக்கிறோம். அவர் ‘பண்பாடாக’ இருக்கிறார்.

பிராகு மொழியியல் வட்டத்தைச் சேர்ந்த பீட்டர் பொகத்திரேவ் 1937லேயே மொராவிய நாட்டுப்புற உடைகளைப் பற்றி எழுதும்போது, ஓர் ஆடை ஒரே சமயத்தில் பல செயற்பாடுகளை ஏந்தி நிற்கிறது என்றும், அணிபவரின் வயது, மணநிலை, தகுதி ஆகியவற்றை அது சொல்கிறது என்றும் விளக்கினார். அந்தச் சால்வையை வெறும் அழகாகப் பார்த்த கண்ணுக்கு அதன் மற்றச் செயற்பாடுகள் தெரியவில்லை. இலக்கணம் அறியாமல் ஒரு மொழியில் வாக்கியம் அமைப்பது போன்றது அது.

ஆயினும் அந்த ஸ்டைலிஸ்ட்மீது எனக்குக் கோபமில்லை. முந்தின நாள் இரவுதான் அவரை அழைத்திருந்தார்கள். “இந்தியாவின் பன்முகத்தன்மை தெரியவேண்டும்” என்ற ஒற்றை வரியைத் தவிர அவருக்கு எதுவும் சொல்லப்படவில்லை. அணியப்போகிறவர்களின் பெயர்கூட அவரிடம் இல்லை. தவறு அந்த ஒற்றை வரியில் தொடங்கியது. அதை எழுதியவர்கள் நம்மைப் போன்றவர்கள்.

எனவே என் நிபந்தனைகள் எளியவை. ஸ்டைலிஸ்டைக் குறைந்தது ஒரு வாரம் முன்னதாக அழைக்கவேண்டும். பின்னணி, விளக்கு, மைக், பேசுபவர் ஆகிய விவரங்களை எழுத்தில் தரவேண்டும். பேசுபவரோடு அவர் நேரடியாக உரையாட வழி செய்யவேண்டும். ஆடைச் செலவு முழுவதும் நிறுவனத்தைச் சேரவேண்டும். எந்த ஆடையையும் மறுக்கும் உரிமை அணிபவருக்கு இருக்கவேண்டும்; ‘நேரமில்லை’ என்பது அந்த உரிமையைத் தாண்டும் காரணமாகக் கூடாது. இறுதியாக, காணொளியின் முடிவில் அவருடைய பெயர் இடம்பெறவேண்டும்.

கடைசி நிபந்தனை சிறியதாகத் தோன்றலாம். ‘காந்தி’ படத்திற்காக பானு அதையா 1983இல் ஆஸ்கர் பெற்றார். அவ்விருதை வென்ற முதல் இந்தியர் அவர்தான். ஆனால் 1950களிலேயே தொடங்கிவிட்ட நம் தேசியத் திரைப்பட விருதுகளில் ஆடை வடிவமைப்புக்குத் தனி விருது வந்தது 1984ஆம் ஆண்டுப் படங்களுக்குத்தான். திரைத்துறைக்கே அவ்வளவு காலம் ஆயிற்று. நாம் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறோம்.

அடுத்த துறைக் கூட்டத்தில் அந்த வரியை நீக்கவேண்டாம் என்று பேசப்போகிறேன். ஒருவேளை நீக்கத்தான் போகிறார்கள் என்றால், அதற்கு ஈடாக வேறொரு வரி சேர்க்கப்படவேண்டும் என்று கேட்பேன்: படப்பிடிப்புக்காக ஆய்வாளர்கள் தங்கள் கையிலிருந்து செலவழித்த தொகை. என் நண்பரின் 3,200 ரூபாயிலிருந்து அந்தக் கணக்கைத் தொடங்கலாம். அந்தக் கோட்டை அவர் அதன்பின் ஒருமுறைகூட அணியவில்லை.